மரகதம் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கல் வாங்கத் துணைக்கு அழைப்பவர்களும், கைப்பேசியில் படம் அனுப்பிக் கருத்துக் கேட்பவர்களும், வாங்கிய பிறகு நிறம் மாறிவிட்டதே என்று வருந்துபவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வைரத்துக்குப் பழகிய கண்ணோடு மரகதத்தைப் பார்ப்பதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன. வைரத்தில் முதலில் குறையைத் தேடுகிறோம். மரகதத்தில் முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து அந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். குறைகளை எண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பச்சைக் கல், மரகதம் இரண்டும் ஒன்றுதானே?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். ஆனால் ரசீதில் "பச்சைக் கல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் குறிக்கலாம். பச்சை டூர்மலின், பெரிடாட், சவோரைட் எனப்படும் பச்சை கார்னெட், சாயம் ஏற்றிய குவார்ட்ஸ், பச்சை ஆனிக்ஸ், வெறும் கண்ணாடி என எல்லாமே பச்சையாகத்தான் இருக்கின்றன. இவற்றில் சில அழகான, விலையுள்ள ரத்தினங்களே. ஆனால் அவற்றை மரகதம் என்ற பெயரில் மரகத விலைக்கு வாங்கக் கூடாது. ரசீதில் "இயற்கை மரகதம்" என்ற இரு சொற்களும் இருக்க வேண்டும்.

மரகதம் என்பது பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. தூய பெரிலுக்கு நிறமே கிடையாது. அதில் குரோமியமோ வனேடியமோ மிகச் சிறிதளவு சேரும்போது மரகதப் பச்சை பிறக்கிறது. இரும்பு சேர்ந்தால் இளநீல அக்வாமரைன் ஆகிறது. நம் காங்கேயத்துக்கு அருகே படியூரில் கிடைத்த அக்வாமரைனும் இதே குடும்பம்தான். இரும்பால் மட்டும் வெளிர்பச்சையாக இருக்கும் கல்லைப் பச்சைப் பெரில் என்பார்கள். அது மரகதம் ஆகாது, விலையும் மிகக் குறைவு.

கரும்பச்சையாக இருந்தால்தான் உயர்ந்த மரகதம் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நிறத்தில் மூன்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது சாயல். தூய பச்சையும், சற்றே நீலம் தழுவிய பச்சையும் உயர்வாக மதிக்கப்படுகின்றன. மஞ்சள் மிகுந்தால் மதிப்பு குறையும். இரண்டாவது அடர்த்தி, அதாவது வெளிர் முதல் கருமை வரை அந்தக் கல் எங்கே நிற்கிறது என்பது. நடுத்தரத்திலிருந்து சற்று அடர்ந்த நிலைதான் சிறந்தது. அதற்கு மேல் போனால் கல் கறுத்து, விரலில் போட்டதும் பச்சையே தெரியாமல் போகும். மூன்றாவது நிறத்தின் செறிவு. சாம்பலோ பழுப்போ கலக்காமல் பச்சை எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பது. விலையை அதிகம் தீர்மானிப்பது இந்த மூன்றாவதுதான் என்பது என் எண்ணம். வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

நிறம் கல் முழுவதும் சீராகப் பரவியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைத் தாளில் கல்லைக் குப்புற வைத்தால் ஒரு மூலையில் மட்டும் திட்டாக நிறம் நிற்பது தெரிந்துவிடும்.

கடையில் ஜொலித்தது, வீட்டுக்கு வந்ததும் மங்கலாகத் தெரிகிறது. கல்லை மாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் கல் மாறியிருக்காது. மாறியது வெளிச்சம். நகைக்கடையின் கூரையிலிருந்து விழும் குவிந்த விளக்கொளி எந்தக் கல்லையும் மினுக்கிக் காட்டும். கல்லைக் கையில் எடுத்து வாசல் பக்கம் சென்று, நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதை அனுமதிக்காத கடையில் விலையுயர்ந்த மரகதம் வாங்க வேண்டாம். மாலை விளக்குக்குக் கீழே மட்டும் பார்த்து ஒரு கல்லை முடிவு செய்யவும் வேண்டாம்.

இன்னொரு சோதனை. கல்லை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து, ஒரு முழ தூரத்தில் வைத்து, மேலிருந்து நேராகப் பாருங்கள். நடுவில் நிறமற்று, அடியில் உள்ள விரல் ரேகை தெரிந்தால் அடிப்பகுதி ஆழமில்லாமல் பட்டை தீட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒளி திரும்பி வராமல் கீழே இறங்கிப் போய்விடுகிறது. வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டும்போது இது மறைந்துவிடும்.

உள்ளே கீறலும் புள்ளியுமாக இருக்கிறது. இது குறையுள்ள கல்தானே?

மரகதத்துக்கு உள்தடங்கள் இருப்பது இயல்பு. பெரிலுக்கு வேண்டிய பெரிலியம் கிரானைட் சார்ந்த பாறைகளில் சேர்வது. குரோமியம் முற்றிலும் வேறு வகைப் பாறையில் இருப்பது. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் பூமிக்குள் பாறைகள் நொறுங்கி, சூடான திரவங்கள் ஊடுருவ வேண்டும். அந்தக் கொந்தளிப்பில் பிறக்கும் கல் விரிசல் இல்லாமல் வருவது அபூர்வம். அமெரிக்காவின் ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. தெளிவைப் பொறுத்து நிறக்கற்களை மூன்று வகையாகப் பிரித்து, மரகதத்தை மூன்றாவது வகையில் வைத்திருக்கிறது. ஏறக்குறைய எப்போதும் உள்தடங்களோடு வருபவை அந்த வகை.

ஆகவே கேட்க வேண்டியது வேறு. வெறும் கண்ணால் பார்க்கும்போது அந்தத் தடங்கள் நிறத்தையும் ஒளியையும் கெடுக்கின்றனவா? விரிசல் மேற்பரப்பை எட்டுகிறதா? நடுமுகத்தின் குறுக்கே ஓடும் விரிசலும், விளிம்பில் முடியும் விரிசலும் ஆபத்தானவை, ஏனெனில் கல் பதிக்கும்போது அங்கேதான் உடையும். ஆழத்தில் சிதறிக் கிடக்கும் மெல்லிய இழைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சொல்லப்போனால், பெரிய கல், ஆழ்ந்த நிறம், துளியும் தடமில்லை, விலையும் மலிவு என்றால்தான் ஐயப்பட வேண்டும்.

எண்ணெய் போட்ட கல் என்கிறார்கள். அது ஏமாற்று வேலை இல்லையா?

எண்ணெய் இடுவது பழைய, உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கம். மேற்பரப்பை எட்டும் விரிசலுக்குள் காற்று இருந்தால் ஒளி அங்கே திரும்பி வெண்கோடாகத் தெரியும். மரகதத்தின் ஒளிவிலகலுக்கு நெருக்கமான எண்ணெயை உள்ளே செலுத்தினால் அந்தக் கோடு கண்ணுக்கு மறைகிறது. இதற்கு நிறமற்ற சிடார் மர எண்ணெயைப் பயன்படுத்துவார்கள். சந்தைக்கு வரும் மரகதங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி எண்ணெய் கண்டவையே. வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்றால் இதில் தவறில்லை.

இரண்டு இடங்களில் எல்லை மீறப்படுகிறது. ஒன்று, எண்ணெயில் பச்சைச் சாயம் கலப்பது. அப்போது நீங்கள் விலை கொடுக்கும் நிறம் கல்லுடையது அல்ல. லென்ஸில் பார்த்தால் விரிசல்களின் ஓரமாகப் பச்சை தேங்கி நிற்கும். இரண்டாவது, எண்ணெய்க்குப் பதிலாகச் செயற்கைப் பிசின் செலுத்துவது. அதை வெளியேற்றுவது எண்ணெயைப் போல எளிதல்ல. சில பிசின்கள் காலப்போக்கில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ மாறுவதும் உண்டு. பிசின் இட்ட கல்லைச் சாய்த்துப் பார்க்கும்போது விரிசலில் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு மின்னல் தெரியலாம். விற்பவரிடம் "எண்ணெயா, பிசினா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பவருக்குத்தான் பதில் கிடைக்கும்.

சான்றிதழில் மைனர், மாடரேட் என்று போட்டிருக்கிறது. எதை வாங்கலாம்?

அந்தச் சொற்கள் விரிசல்களை நிரப்பிய அளவைக் குறிப்பவை. மைனர் என்றால் சிறிது, மாடரேட் என்றால் மிதம், சிக்னிஃபிகண்ட் என்றால் அதிகம். ஜி.ஐ.ஏ. இதையே எஃப்1, எஃப்2, எஃப்3 என்றும் குறிக்கும். நிரப்பலே இல்லாத கல் அரிது. அதற்கு விலை தனி. 2017ஆம் ஆண்டு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் 18.04 காரட் கொலம்பிய மரகதம் சுமார் 55 லட்சம் டாலருக்கு விலைபோனது. காரட்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேல். நிறம், ஊர், பெயர்பெற்ற உரிமையாளர் ஆகியவற்றோடு நிரப்பல் இல்லாததும் அந்த விலைக்குக் காரணம்.

நம்மைப் போன்றவர்களுக்கு மைனர் நல்ல தேர்வு. நிறம் பிடித்திருந்து, விலை அதற்கேற்பக் குறைந்திருந்தால் மாடரேட்டும் வாங்கலாம். சிக்னிஃபிகண்ட் என்றால் தினமும் அணியும் மோதிரத்துக்கு வேண்டவே வேண்டாம். நிரப்பியதை நீக்கினால் அந்தக் கல் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் பார்க்கவே இல்லை.

கொலம்பியா கல்தான் வாங்க வேண்டுமா? ஜாம்பியா கல் மட்டமா?

கொலம்பியாவின் மூசோ, சிவோர் சுரங்கங்களின் பெயருக்கு நானூறு ஆண்டுக்கும் மேற்பட்ட புகழ் இருக்கிறது. முகலாய அரசவையில் இருந்த பெரிய மரகதங்கள் பலவும் அங்கிருந்து ஸ்பானியர், போர்ச்சுகீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்தவையே. மூசோவின் பச்சை சற்று இதமானது. சிவோரின் பச்சையில் நீலம் தெரியும். ஜாம்பியாவின் காஃபுபு பகுதிக் கற்களில் இரும்பு கூடுதல். அதனால் நீலம் கலந்த ஆழ்ந்த பச்சை. பொதுவாகக் கொலம்பியக் கற்களைவிடத் தெளிவாகவும் இருக்கின்றன. பிரேசில், எத்தியோப்பியா, ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் ஆகிய இடங்களிலிருந்தும் நல்ல கற்கள் வருகின்றன.

என் கருத்து இது: ஊருக்குப் பணம் கொடுக்காதீர்கள், கல்லுக்குக் கொடுங்கள். சாம்பல் படிந்த கொலம்பியக் கல்லைவிட உயிர்ப்புள்ள ஜாம்பியக் கல் எவ்வளவோ மேல். கொலம்பியா என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால், பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையில் அந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

இலங்கை மரகதம் என்று சொல்லி விற்கிறார்களே?

இலங்கை நீலத்துக்கும் வைடூரியத்துக்கும் உலகப் புகழ் பெற்றது. மரகதத்துக்கு அல்ல. அந்தப் பெயரில் காட்டப்படும் கல் நீலக்கல் இனத்தைச் சேர்ந்த பச்சைக் கல்லாகவோ டூர்மலினாகவோ இருக்கலாம். வேறு நாட்டிலிருந்து கொழும்பு வழியாக வந்த மரகதமாகவும் இருக்கலாம். இந்தியாவில் ராஜஸ்தானில் மரகதம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் "ஜெய்ப்பூர் மரகதம்" என்றால் அங்கே தோண்டி எடுத்தது என்று நினைக்க வேண்டாம். ஜெய்ப்பூர் மரகதம் பட்டை தீட்டுவதில் உலகின் முதன்மையான ஊர்களில் ஒன்று. பல நாட்டுக் கற்களும் அங்கே வந்துதான் போகின்றன.

பாலில் போட்டால் பால் பச்சையாகத் தெரியும், அதுதான் அசல் என்று பாட்டி சொன்னார். சரியா?

பச்சையாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் உள்ள எந்தப் பொருளும் பாலில் பச்சைச் சாயல் காட்டும். கண்ணாடியும் காட்டும். மூச்சுக்காற்றை ஊதி ஆவி மறையும் வேகத்தைப் பார்ப்பதும் முடிவான சோதனை அல்ல. கண்ணாடியில் கீறிப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மரகதத்தின் கடினம் மோஸ் அளவில் 7.5 முதல் 8 வரை. அது கண்ணாடியைக் கீறும். ஆனால் குவார்ட்ஸும் ஆய்வுக்கூடக் கல்லும் கீறும். உங்கள் நல்ல கல்லின் விளிம்புதான் சிதறும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது பயன் தரும். உருண்டையான காற்றுக் குமிழிகளும் சுழித்தோடும் கோடுகளும் தெரிந்தால் கண்ணாடி. பக்கவாட்டில் பார்க்கும்போது நடுவே ஒரு ஒட்டுக் கோடும் அதில் தட்டையான குமிழிகளும் தெரிந்தால் இரு துண்டுகளை ஒட்டிய டபுளட். செல்சி ஃபில்டர் என்ற வண்ணக் கண்ணாடி வழியாகக் கொலம்பிய மரகதம் சிவப்பாகத் தெரியும் என்பது சரிதான். ஆனால் ஆய்வுக்கூட மரகதமும் சிவப்பாகத் தெரியும். ஜாம்பிய மரகதம் சிவக்காமலே இருக்கலாம். அதை மட்டும் காட்டி "அசல்" என்பவரை நம்ப வேண்டாம்.

லேப் கல் என்றால் போலியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மரகதம் வேதியியல் அடிப்படையில் மரகதமேதான். அமெரிக்கரான கரோல் சாட்டம் 1930களிலேயே அதை வளர்த்துக் காட்டினார். அதை அப்படியே சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்றால் நேர்மையான வணிகம். இயற்கைக் கல் என்று விற்றால் மோசடி.

வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். வளர்த்த கற்களில் மெல்லிய திரை போன்ற சுருண்ட தடங்களோ, வரிசையான அம்புமுனை போன்ற வளர்ச்சிக் கோடுகளோ இருக்கும். கொலம்பிய இயற்கைக் கல்லில் ஒரு சிறு பொந்துக்குள் திரவமும் வாயுக் குமிழியும் உப்புப் படிகமும் சேர்ந்து காணப்படுவது பெயர்பெற்ற அடையாளம். இவற்றைப் பிரித்தறியப் பயிற்சியும் நுண்ணோக்கியும் தேவை. இந்த இடத்தில் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சப்படுத்தவே கூடாது.

ஒரு கடையில் ரத்தி என்கிறார்கள், ஒரு கடையில் காரட். எதில் வாங்குவது?

காரட்டில். ஒரு காரட் 0.2 கிராம், அதாவது 100 சென்ட். இது எங்கும் மாறாது. ரத்தியின் அளவு வணிகருக்கு வணிகர் வேறுபடும். எடையோடு மில்லிமீட்டர் அளவையும் கேளுங்கள். மரகதம் வைரத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே எடையில் மரகதம் பெரிதாகத் தெரியும்; தெரியவில்லை என்றால் எடை அடியில் ஒளிந்திருக்கிறது.

ஒரே எடை, பார்க்க ஒரே பச்சை. ஒன்று ஆயிரங்களில், இன்னொன்று லட்சத்தில். ஏன்?

முதலில் நிரப்பல் அளவு. சான்றிதழ் பற்றிய கேள்வியில் அதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்து செறிவு. இரண்டு கற்களையும் அருகருகே பகல் வெளிச்சத்தில் வைத்தால், "ஒரே பச்சை" என்று நினைத்தது உடனே இரண்டாகப் பிரியும். கற்களை ஒப்பிடாமல் தனியாகப் பார்த்து விலை முடிவு செய்வது மிகவும் கடினம், அனுபவம் உள்ளவர்களுக்கும்கூட.

மூன்றாவது, பட்டை தீட்டிய விதம். விலை காரட் கணக்கில் என்பதால் எடையைக் காப்பாற்ற அடிப்பகுதியைத் தொப்பையாக விட்டுவிடுவார்கள். ஆழம் அகலத்தின் முக்கால் பங்கைத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத எடைக்கும் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். எடை கூடக் கூடக் காரட் விலையும் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். நல்ல இரண்டு காரட் கல் ஒன்றின் விலை, அதே தரத்தில் ஒரு காரட் கல்லின் விலையைப் போல இரு மடங்கோடு நிற்காது.

மாமியார் கொடுத்த அட்டிகையில் பச்சை பதித்திருக்கிறது. ஜாதிக் கல்லா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய நகைகளில் கல்லின் அடிப்பக்கம் பொன்னால் மூடியிருக்கும். நிறத்தைத் தூக்கிக்காட்ட உள்ளே தகடு வைப்பதும் உண்டு. அப்படி இருக்கும்போது மேலே தெரியும் பச்சை கல்லுடையதா, தகட்டுடையதா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கெம்பு நகைகளில் வரும் பச்சை பெரும்பாலும் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். ஆனால் தலைமுறை நகைகளில் அசல் மரகதம் இருப்பதும் உண்டு.

விற்கும் எண்ணம் இல்லையென்றால் பிரிக்காதீர்கள். மதிப்புத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால், பழைய கட்டுமானம் அறிந்த பத்தர் ஒருவரிடம் ஒரே ஒரு கல்லை மட்டும் எடுக்கச் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புதிதாக வாங்கும்போது இப்படி அடிப்பக்கம் மூடிய கல்லுக்கு மரகத விலை கொடுக்க வேண்டாம். தனிக் கல்லாக வாங்கி, சோதித்து, பிறகு பதிப்பதே பாதுகாப்பு.

ஜோதிடர் புதனுக்கு மரகதம் போடச் சொன்னார். அவரே கல்லும் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் நுழையவில்லை. ஆனால் பரிந்துரைப்பவரும் விற்பவரும் ஒருவராக இருக்கும்போது மறுத்துப் பேசக் கூச்சமாக இருக்கும். விலை அங்கேதான் ஏறுகிறது. எடையை மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டு கல்லை வேறிடத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் அவர் தரும் கல்லையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய பிறகு பணம் கொடுப்பதாகச் சொல்லுங்கள். நேர்மையானவர் மறுக்கமாட்டார். "குறையில்லாத கல்தான் பலன் தரும்" என்று சொல்லி விலை ஏற்றினால், கீறல் பற்றிய கேள்விக்கான பதிலை மறுபடி படியுங்கள்.

பூஜைக்குக் கையளவு மரகத லிங்கம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. அது மரகதமா?

அந்த அளவில், அந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அவென்சுரைன் எனும் பச்சைக் குவார்ட்ஸ், ஜேட் போன்ற கற்கள், அல்லது சாயம் ஏற்றிய கற்கள். வழிபாட்டுக்கு அது தடையில்லை. கல்லின் பெயரை அறிந்து, அதற்குரிய விலையில் வாங்குங்கள்.

சான்றிதழே போலியாக இருந்தால்?

இருக்கலாம். அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். அது போலித் தளத்துக்கும் இட்டுச் செல்லும். பரிசோதனைக் கூடத்தின் தளத்தை நீங்களே தேடித் திறந்து அறிக்கை எண்ணை இடுங்கள். எடை இரண்டு தசமம் வரை, நீள அகல ஆழம், படம் மூன்றும் கையில் உள்ள கல்லோடு பொருந்த வேண்டும். எண் உண்மையாக இருந்து கல் வேறாக இருப்பதும் நடக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த கல்லைத் திறந்து எடை போட மறுத்தால் வாங்க வேண்டாம்.

"இயற்கை மரகதம்" என்று மட்டும் எழுதி, நிரப்பல் பற்றி ஒன்றும் சொல்லாத அட்டையைப் பாதி அறிக்கையாகவே கருதுங்கள். பெரிய தொகை என்றால் ஜி.ஐ.ஏ., குபெலின், எஸ்.எஸ்.இ.எஃப். போன்ற கூடங்களின் அறிக்கையைக் கேளுங்கள். ஜெய்ப்பூரிலும் பல ஆண்டுகளாக இயங்கும் ரத்தினப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன், "அறிக்கை வேறு மாதிரி வந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வாங்கி ஓர் ஆண்டில் வெண்கோடுகள் தெரிகின்றன. ஏமாந்துவிட்டேனா?

அவசியம் அப்படி இல்லை. எண்ணெய் உலர்ந்திருக்கலாம். அடுப்பு வெப்பம், சோப்புத் தூள், மோதிரத்தைக் கழற்றாமல் பாத்திரம் தேய்ப்பது, நகைக்கடையில் அல்ட்ராசோனிக் அல்லது நீராவிக் கருவியில் கழுவுவது ஆகியவற்றால் எண்ணெய் வெளியேறும். மோதிரத்தை அளவு மாற்றும்போது கல்லைக் கழற்றாமல் பற்றவைத்தால் கல் வெடிக்கவும் கூடும். கழுவ வேண்டுமானால் வெதுவெதுப்பான நீர், மென்மையான துணி போதும்.

மரகதத்தோடு பழகிய வணிகரிடம் கொடுத்தால் நிறமற்ற எண்ணெயை மீண்டும் இட்டுத் தருவார். நிறமற்றது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது தெரியும் விரிசல்களை லென்ஸ் வழியாகப் படம் எடுத்து, வாங்கியபோது தந்த அறிக்கையில் உள்ள நிரப்பல் அளவோடு ஒப்பிடுங்கள். மைனர் என்று எழுதியிருந்து கல் முழுவதும் விரிசல் தெரிந்தால், எண்ணெய் இடாமல் அப்படியே அறிக்கை தந்த கூடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எண்ணெய் இட்ட பிறகு எடுத்துச் சென்றால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.